படலையில் வேப்பிலை இல்லாத வீடு

போன கிழமை உங்கள் பயிற்சி வகுப்பில் பேச என்னை அழைத்திருந்தார்கள். பேசி முடிந்ததும் உங்களில் ஒருவர் எழுந்து கேட்டார்: "அக்கா, வருத்தம் பரவுற நேரத்திலை தடுப்பூசியைக் கட்டாயமாக்கினா என்ன? போடாட்டி ஒண்டும் கிடையாது எண்டு சொன்னா, சனம் தன்ர பாட்டிலை வருந்தானே?"

மகளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டிவர நேரமாகிவிட்டது என்று சொல்லி நான் சைக்கிளை எடுத்தேன். நேரமாகியிருக்கவில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

தீவுப்பகுதியில் குடும்பநல உத்தியோகத்தராக நான் வேலை செய்த காலத்தில் சனங்களுக்கு நான் வெறும் "மிஸி". சுருவிலுக்கும் மண்கும்பானுக்கும் இடையில் மணல் ஒழுங்கைகளில் பாதி உருட்டியும் பாதி ஓட்டியும் சைக்கிளில் திரிந்தவள். ஊசி போடுவது எப்படி, மருந்துக்கு எவ்வளவு குளிர் வேண்டும் என்பதெல்லாம் உங்கள் புத்தகங்களில் இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன். புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

தீவில் ஒரு பிள்ளைக்குச் சின்னமுத்து என்ற தட்டம்மை கண்டால் வீட்டுக்காரர் முதலில் செய்வது வெளிவாசல் படலையில் வேப்பிலை கட்டுவது. "அம்மாள் வந்திருக்கிறா" என்பார்கள். அதன்பிறகு அந்த வீட்டுக்குள் வெளியார் போவதில்லை. அங்கிருந்து ஒருவரும் விருந்துக்கோ கோயிலுக்கோ போவதில்லை. பொருள் கொடுப்பதும் வாங்குவதும் இல்லை. வருத்தம் இறங்கி, முழுக்காட்டும் மூன்றாம் தண்ணீர் வார்க்கும்வரை பிள்ளை வாசல்படி தாண்டாது. கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளிலும் சிலர் கட்டுவார்கள். சுவாமியார் கண்டால் சிரித்துவிட்டுப் போவார். நான் கிருமி என்று படித்தவள்தான். ஆனாலும் ஒழுங்கையில் போகும்போது என் கண் படலைகளில்தான் இருக்கும். எந்த வீட்டில் வருத்தம், எந்தப் பக்கம் போகிறது, எங்கே இனி வரும் என்று எனக்குச் சொன்னது அந்த இலைகள்தான். அவை சரியாகச் சொல்கின்றனவா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. சுவரில் மாட்டிய மணிக்கூட்டை நாம் யோசிக்கிறோமா?

எண்பதுகளின் பிற்பகுதி, போர்க்காலம் அது. தீவை யாழ்ப்பாணத்தோடு இணைக்கும் பண்ணைப் பாதை மூடிக்கிடந்தது. மருந்து அராலியில் இருந்து வள்ளத்தில் வரும். இராணுவ ஹெலி சுற்றினால் வள்ளம் வெளிக்கிடாது. வேறிடங்களில் இருந்து ஓடிவந்த குடும்பங்கள் எங்கள் பள்ளிக்கூடத்தில் நெருக்கியடித்துக் கிடந்தன. அங்கேதான் சின்னமுத்து தொடங்கியது.

ஊசி மருந்து வருகிறது என்று அறிவித்து ஒரு நாள் சனத்தை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டோம். தாய்மார் விடியவே வந்து வெயிலில் நின்றார்கள். வள்ளம் நடுக்கடலில் மறிபட்டு, பிற்பகலில்தான் பெட்டி வந்து சேர்ந்தது. எங்கள் டொக்டர் மூடியைத் திறந்தார். ஐஸ் முழுதும் கரைந்து, போத்தல்கள் வெந்நீர் போன்ற தண்ணீரில் மிதந்தன. டொக்டர் ஓய்வு பெற்றபின் ஆளில்லாக் குறைக்குத் திரும்ப வந்து வேலை செய்தவர். தன் பெயர் எங்கும் வருவதை விரும்பாதவர். இங்கும் அது வேண்டாம்.

பக்கத்தில் நின்ற பள்ளித் தலைமை ஆசிரியர் மெதுவாகச் சொன்னார்: "டொக்டர், சனம் காலமை துவக்கம் நிக்குது. திருப்பி அனுப்பினா பேந்து வராதுகள். போட்டு விடுங்கோ. குறைஞ்சது மனத் தைரியமாவது வரும்."

"மாஸ்ரர், தண்ணியைக் குத்திப்போட்டு மருந்து எண்டு சொல்லச் சொல்லுறியளோ?"

அவர் பெட்டியை வெளியே கொண்டுவந்து, எல்லோரும் பார்க்க, போத்தல்களை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றினார். "இது பழுதாப் போச்சு. புதுசு வந்தவுடனை சொல்லியனுப்புறன். என்னிலை கோவிக்காதேங்கோ" என்றார். சனம் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தது. அந்த வரிசையில் என் அயல்வீட்டுச் சரசு, மூன்று வயது மகன் ரூபனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் ஊசி வேண்டாம் என்றவள் அல்ல.

டொக்டர் செய்தது சரி. இன்று கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். அன்று ரூபனுக்கு ஊசி கிடைக்கவில்லை என்பதும் உண்மை. எங்கள் வேலையில் இரண்டும் ஒன்றாக வரும்.

சரசுவின் புருசன் தொழில் தேடி வவுனியாப் பக்கம் போய், பாதை பூட்டியதால் திரும்ப முடியாமல் நின்றார். ரூபனோடு வேறு பிள்ளைகளும் இருந்த அவளுக்கு வருமானம் இல்லை. கூட்டுறவுச் சங்கக்கடையில் கொடுக்கும் நிவாரண அரிசிதான் அடுப்பில் ஏறும். எனக்கு நாற்பது வயதில் பிறந்த மகளுக்கு அப்போது எட்டு மாதம். என் கணவர் கொழும்பில் வேலை. காலையில் பிள்ளையைச் சரசுவிடம் கொடுத்துவிட்டுத்தான் நான் வேலைக்குப் போவேன். "தாங்கோ அக்கா, என்ர ராசாத்தியை" என்று படலையில் நின்றே வாங்கிக்கொள்வாள். பிள்ளை என்னை மறந்து அவள் தோளில் சாய்ந்துவிடும். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளைகள் அடுத்தடுத்துச் செத்தபிறகு ஊர்க்கூட்டம் கூடியது. புது மருந்து அன்றுதான் வந்திருந்தது. ஆனால் எதிர்பார்த்த அளவுக்குச் சனம் பெயர் கொடுக்கவில்லை. போன தடவை திருப்பி அனுப்பியது ஒரு காரணம். ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்ற பயம் இன்னொன்று.

தலைமை ஆசிரியர் எழுந்தார். "கெஞ்சினது காணும். ஊசி போடாத வீட்டுக்கு நிவாரண அரிசி இல்லையெண்டு நாளைக்கே அறிவிப்பம். ரெண்டு நாளிலை எல்லாரும் வந்து நிப்பினம்."

கடற்தொழிலாளர் பக்கத்தில் இருந்து சூசை அண்ணை சிரித்தார். "மாஸ்ரருக்குப் பள்ளிக்கூடத்திலையும் பிரம்பு, வெளியிலையும் பிரம்பு."

"பிரம்பு எடுத்தபடியாத்தான் உம்மட மகன் எழுத வாசிக்கிறான், சூசை."

கூட்டம் சிரித்தது. சூசை அண்ணை சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "என்ர மூத்தவனுக்கு முந்தி ஒரு ஊசி போட்டு, துடையிலை சீழ்க்கட்டி வந்து, ஒரு மாதம் நடக்கேல்லை. பேந்து அண்டைக்கு ஐஸ் கரைஞ்ச மருந்து வந்தது. இண்டைக்கு வந்தது நல்லதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? பிள்ளைக்கு ஏதும் நடந்தா ஆர் பொறுப்பு?"

"நான்தான் பொறுப்பு" என்றார் டொக்டர். "நூற்றுக்கு நூறு ஒண்டும் நடக்காதெண்டு சொல்ல மாட்டன். ஆனா சின்னமுத்து செய்யிறதை நீரும் பாத்தனீர். ரெண்டு சவப்பெட்டிக்கும் ஆணி அடிச்சது நீர்தானே."

அப்போது நான் எழுந்தேன். கூட்டங்களில் நான் பேசுவதில்லை. என் மகள் மடியில் இருந்தாள். "இவளுக்கு இன்னும் ஒன்பது மாதம் ஆகேல்லை. ஊசி போட ஏலாது. சுத்தியிருக்கிற பிள்ளையளுக்குப் போட்டாத்தான் இவளுக்குக் காவல். இவளைப்போலை இந்த ஊரிலை எத்தினை பிள்ளையள் இருக்குது? அதுகள் என்ன செய்யும்?"

"அப்ப, மிஸியின்ர பிள்ளைக்காக என்ர பிள்ளையளுக்குக் குத்தவேணுமோ?"

"ஓம், அண்ணை" என்றேன். "அதைத்தான் கேக்கிறன்."

அவர் என் மகளைக் கொஞ்சநேரம் பார்த்தார். "உப்பிடிக் கேட்டா மாட்டன் எண்டு சொல்லுவனோ? கேட்டுப் போடுங்கோ, மிஸி. சோத்துக் கோப்பையைப் பிடிச்சுக்கொண்டு கேளாதேங்கோ."

அந்த இடத்தில் கூட்டம் முடிந்திருக்கலாம். முடியவில்லை. பயந்த சனம் ஏதாவது செய்தாக வேண்டும் என்று நினைக்கும். தலைமை ஆசிரியர் சொன்னது ஓர் உறுதியான காரியமாகத் தெரிந்தது. டொக்டர் முதலில் மறுத்தார். பிறகு, ஒரு விதி சேர்த்தால் சம்மதம் என்றார். ஊசி போட்ட பிள்ளை உள்ள வீட்டுக்கு அரிசி உண்டு. அடுத்த முறைக்குக் காத்திருக்கும் சுகமான பிள்ளை உள்ள வீட்டுக்கும் உண்டு. ஆனால் வருத்தம் கண்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, தன்னிடம் துண்டுச் சீட்டு வாங்கினால்தான் அரிசி. நோய் முற்றுமுன் பிள்ளை தன் கண்ணில் படவேண்டும் என்பதுதான் அவர் எண்ணம்.

அந்தக் கூட்டத்தில் கெட்டவர் ஒருவரும் இல்லை. இதைத் திரும்பத் திரும்ப வாசியுங்கள். தீவில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் எல்லோர் வீட்டுப் படலையிலும் ஒரு காலத்தில் வேப்பிலை தொங்கியிருக்கிறது. அம்மாள் வந்த பிள்ளையை மூன்றாம் தண்ணீருக்கு முன் எந்தத் தாய் வாசல்படி தாண்டித் தூக்கிவருவாள் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அரசாங்க வேலை என்று கதிரையில் இருந்தவுடன் நாங்கள் வீட்டில் தெரிந்ததை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

மறுநாள் சூசை அண்ணை தன் பிள்ளைகளோடு முதல் ஆளாக வந்து நின்றார். "அரிசிக்கு வரேல்லை. நீங்கள் கேட்டதுக்கு வந்தனான்" என்றார். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டது. விதி வேலை செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். பயத்தில் வந்த பிள்ளைகளில் எத்தனையோ பிள்ளைகள் அதனால் தப்பியிருக்கும். அன்றைய மருந்து முடியும்வரை குத்தினோம். சரசுவின் முறை வருமுன் மருந்து முடிந்துவிட்டது. "அடுத்த முறை முதல் ஆள் நீர்தான்" என்றேன். "பரவாயில்லை அக்கா" என்று சொல்லிப் போனாள்.

அதற்கடுத்த நாட்களில் ஒழுங்கைகளில் போகும்போது எனக்கு மனம் இலேசாக இருந்தது. படலைகளில் வேப்பிலை குறைந்துகொண்டு வந்தது. புதிதாக ஒன்றும் கட்டப்படவில்லை. போன கிழமை கட்டிய இலைகள்கூடக் காணாமல் போயின. நான் டொக்டரிடம் சந்தோசமாகச் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். "அப்ப ஏன் சங்கக்கடை வரிசையிலை இவ்வளவு இருமல் கேக்குது?" என்றார். ஒருவருக்கும் விளங்கவில்லை.

சரசுவின் படலையிலும் இலை இல்லை. ஒருநாள் காலை ரூபனைக் காணவில்லையே என்று கேட்டேன். "சுருவிலிலை மாமி வீட்டை நிக்கிறான் அக்கா" என்றாள். கை நீட்டி என் மகளை வாங்கிக்கொண்டாள். நான் வேலைக்குப் போனேன்.

மகளுக்குக் காய்ச்சல் தொடங்கி, கண் சிவந்து, வாய்க்குள் சின்னமுத்தின் அடையாளமான வெள்ளைப் புள்ளிகளும் வந்தன. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சரசு வீட்டுக்கு ஓடினேன். அவள் படலையை மறித்து நின்றாள்.

"ரூபன் எங்கை?"

"சுருவிலிலை."

உள்ளே இருமல் கேட்டது. நான் அவளைத் தள்ளிக்கொண்டு போனேன். ரூபன் உள்ளறையில் பாயில் கிடந்தான். படலையில் இருந்து அவிழ்த்த வேப்பிலை பாயைச் சுற்றிக் காய்ந்து கிடந்தது. மூச்சு விலா எலும்பை உள்ளே இழுத்தது. உதடு நீலம்.

"என்ன வேலை செய்தனீர்? ஏன் எனக்குச் சொல்லேல்லை? என்ர பிள்ளையை இதுக்குள்ளை வைச்சிருந்தனீர்!"

"எப்பிடிச் சொல்லுறது, மிஸி?" அதுவரை அக்கா என்றவள் மிஸி என்றாள். "இலை கட்டினா சங்கக்கடையிலை துண்டு கேப்பினம். துண்டுக்கு இவனைத் தூக்கிக்கொண்டு அம்மாளோடை வெளியிலை வரவேணும். அம்மாள் கோவிச்சா? வராட்டி அரிசி இல்லை. மற்றதுகளுக்கு என்னத்தைக் குடுக்கிறது? அந்த அறிவித்தலைக் கோயிலடியிலை வாசிச்சது நீங்கள்தானே?"

"பிள்ளையை ஏலாதெண்டு எனக்குத் திருப்பித் தந்திருக்கலாமே!"

"தந்தா ஏனெண்டு கேப்பியள். நீங்கள் மிஸி. உங்களுக்குத் தெரிஞ்சா எல்லாருக்கும் தெரியும்." அழுதுகொண்டே கத்தினாள். "நான் மட்டுமோ? ஒழுங்கையிலை போய்ப் பாருங்கோ. ஆர் கட்டியிருக்கினம்?"

என் தோளில் என் மகள் சுடுகிறாள். பாயில் அவள் மகன் மூச்சுக்குப் போராடுகிறான். எனக்கு அவளை அடிக்க வேண்டும்போல் இருந்தது. ரூபனைத் தூக்கென்று கத்தினேன். "அம்மாள்..." என்றாள். "அம்மாள் என்னைக் கேக்கட்டும், தூக்கும்!" என்றேன். சூசை அண்ணையின் வண்டிலில் இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோனோம்.

டொக்டர் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் செய்தார். யாழ்ப்பாணம் கொண்டுபோனால் ஒருவேளை என்றார். வள்ளம் தயாராக நின்றது. ஹெலி சுற்றியது. அது போய், வள்ளம் வெளிக்கிடுமுன் ரூபன் போய்விட்டான். சரசு அவனை என்னிடமோ டொக்டரிடமோ தரவில்லை. சூசை அண்ணையிடம்தான் கொடுத்தாள்.

டொக்டர் கை கழுவிக்கொண்டு வந்து என்னிடம், "வேறை எந்தெந்த வீடு?" என்று கேட்டார். வண்டிலில் வரும்போது நானே நினைத்து வைத்திருந்தேன். இலை காணாமல் போன படலைகள் எல்லாம் எனக்கு நினைவில் இருந்தன. சொன்னேன். செய்தி கேட்டு வந்த தலைமை ஆசிரியர், இளைஞர்களை அனுப்பி வீடு வீடாகப் பிள்ளைகளைத் தூக்கிவரலாம் என்றார். அவர் கண்களும் கலங்கியிருந்தன. கொடுமையால் சொல்லவில்லை.

"தூக்கப் போனா மிச்சத்தையும் ஒளிப்பினம்" என்றார் டொக்டர். "விதி இண்டையோடை முடிஞ்சுது. இலை கட்டின வீட்டுக்குத்தான் முதல் அரிசி. படலைக்குக் கொண்டுபோய்க் குடுப்பம். நான் வீட்டை வந்து பிள்ளையைப் பாக்கிறன், செருப்பைக் கழட்டிப்போட்டு, அம்மாளைக் கும்பிட்டுப்போட்டு."

"கூட்டத்திலை எடுத்த முடிவை நாங்களா மாத்த ஏலுமோ, டொக்டர்?"

"ஏலாது. ஆனா கூட்டம் வைக்க நேரமில்லை. மூட்டையைப் பிடியுங்கோ, மாஸ்ரர்."

தலைமை ஆசிரியர் பிடித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெயிலுக்குள், படலை படலையாக அவரே அரிசி சுமந்தார். அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அதன்பிறகு ஒழுங்கைகள் பச்சையாயின. நான் கண்டு நடுங்கிப் போனேன். சுகம் என்று நான் நினைத்த அந்த நாட்களில் இவ்வளவு வீடுகளில் நோய் படுத்திருந்தது. டொக்டர் போனார், பார்த்தார், சிலரைக் காப்பாற்றினார். சிலரை முடியவில்லை. மூன்றாம் தண்ணீர் வார்த்தபின் அந்த வீடுகளின் மற்றப் பிள்ளைகளைத் தாய்மாரே ஊசிக்குக் கொண்டுவந்தார்கள்.

என் மகள் பிழைத்தாள். இரண்டு காதிலும் சீழ் வைத்து, காது கேளாமல் போய்விட்டது. இப்போது வகுப்பில் முன்வாங்கில் இருக்கிறாள். குண்டு போட விமானம் வந்தால் மற்றப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துத்தான் ஓடுவாள். யாராவது கையைப் பிடிப்பார்களா என்பதுதான் ஒவ்வொரு காலையும் என் யோசனை. இந்த வேலையை நேரத்தோடு விட்டுவிட்டு அவள் பள்ளிக்கூட வாசலில் நான் நிற்பது அதனால்தான். இலை கட்டியிருந்தால் அவள் தப்பியிருப்பாளா என்று உங்களில் யாராவது கேட்கலாம். தெரியாது. ரூபனின் காய்ச்சலின் முதல் நாட்களிலேயே, இலை கட்டுமுன்பே, தொற்றியிருக்கலாம். நான் எத்தனையோ தடவை கணக்குப் பார்த்துவிட்டேன். முடிவு வருவதில்லை.

கேள்விக்கு வருகிறேன். அந்தக் கூட்டம் இன்று நடந்தாலும் நான் எழுந்து அதையே கேட்பேன். ஊசி போட முடியாத குழந்தைக்கு மற்றப் பிள்ளைகளின் ஊசிதான் காவல். அதைக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு, கேட்கவேண்டிய கடமையும் உண்டு. பள்ளிக்கூடத்தில் சேர்க்குமுன் ஊசி வேண்டும் என்ற விதி வந்தால்கூட நான் கைதூக்குவேன். ஆனால் பட்டினியை விதியாக்காதீர்கள். ஒரு கட்டளை எழுதுமுன், எதிர்க்கிறவனை எப்படி மடக்குவது என்று மட்டும் யோசிக்காதீர்கள். எங்கள் ஊரில் எதிர்த்துப் பேசியவர் முதல் ஆளாக வந்து ஊசி போட்டார். வெயிலில் இரண்டு தடவை வரிசையில் நின்று, எங்களால் திருப்பி அனுப்பப்பட்டவள்தான் ஒளித்தாள். கட்டளைக்குக் கீழ்ப்படிய முடியாமல் போகிற நல்லவள் எதை மறைப்பாள் என்று கேளுங்கள். அவள் மறைப்பது உங்களுக்கு இருக்கும் ஒரே கண்ணாக இருக்கலாம்.

இன்னும் ஒன்று. விதியை நீக்கியபின் நானும் ஒருநாள் அரிசி கொண்டுபோனேன். ரூபனின் அந்தியேட்டிச் சடங்கு முடிந்திருந்தது. சரசு வீட்டில் அப்போது வருத்தக்காரர் யாரும் இல்லை. மற்றப் பிள்ளைகள் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் படலையில் வேப்பிலை கட்டியிருந்தது. ஒரு கொத்து அல்ல, படலை மறையும்படி. அப்போது ஒடித்த இலை. அவள் இன்னும் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஆருக்கு வருத்தம், சரசு?"

"ஒருத்தருக்கும் இல்லை, மிஸி."

"பேந்து ஏன் கட்டுறீர்?"

அவள் முடிச்சை இறுக்கினாள். என்னைப் பார்க்கவில்லை. "அண்டைக்குக் கட்டியிருக்க வேண்டியது" என்றாள்.

வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் வெளியார் போவதில்லை. அரிசியைப் படலைக்கு வெளியே வைத்துவிட்டு வந்தேன்.